ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்: ஒரே அறுவையா, முதலில் கொலாஸ்டமியா?

பிறந்து 48 மணி நேரமாகியும் குழந்தை முதல் மலம் கழிக்கவில்லை, வயிறு உப்புகிறது. மலக்குடல் பயாப்ஸியில் (சிறு துண்டுத் திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை) நரம்பணு இல்லை என்று தெரிந்தால் அது ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்: குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணு இல்லாததால் மலம் நகராத பிறவிக் கோளாறு. அது உறுதியானதும், ஒரே அறுவையா, முதலில் கொலாஸ்டமியா (குடலை வயிற்றில் திறந்து மலத்தைப் பையில் வெளியேற்றுவது) என்றுதான் பெற்றோர் தவிப்பார்கள். (பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் முறுக்காகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.)

எத்தனை அறுவை?
ஒரே கட்டம்: ஒன்று. பழுதான குடலை வெட்டி, நல்ல குடலை ஆசனவாய்க்கு இறக்கித் தைப்பார்கள்.
கொலாஸ்டமி: இரண்டு அல்லது மூன்று.

வீட்டுப் பராமரிப்பு?
ஒரே கட்டம்: அறுவைக்கு முன்பு தினமும் உப்புநீரால் குடலைக் கழுவ வேண்டும். நர்ஸிடம் கற்றுக்கொள்ளலாம்.
கொலாஸ்டமி: பை மாற்றுவது, சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் காப்பது. சில மாதங்களுக்கு இதுதான் வேலை, செலவும் கூடும்.

பாதுகாப்பு?
இங்கேதான் முடிவு இருக்கிறது. குடல் கழுவியும் வயிறு வடியவில்லை, குடல் அழற்சி கடுமை, குடலில் ஓட்டை, குழந்தை மிகவும் நலிந்திருக்கிறது என்றால் கொலாஸ்டமிதான் உயிர் காக்கும். அதைப் பின்னடைவாக எண்ணி அழ வேண்டாம். உப்பிய குடல் சுருங்கி, குழந்தை எடை கூடும் வரை அவகாசம் தருகிறது.

கழுவினால் வயிறு வடிகிறது, பால் குடிக்கிறது, பழுது குட்டையான பகுதியில்தான் என்றால் ஒரே கட்டம் போதும். பல குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகவே செய்துவிடலாம்.

எதைச் செய்தாலும் பிறகு குடல் அழற்சி வரலாம். காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றமடிக்கும் பேதி இவற்றில் எது வந்தாலும் உடனே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள்.