கண்ணாடிப் பூச்சா, அப்படைட் பூச்சா?

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுவிலிருந்து டைட்டானியம் எடுக்கலாம். தென்னையிலிருந்து விழுந்த மாமாவின் இடுப்பில் இப்போது டைட்டானியம் தண்டு. “மக்கா, இந்த மாதிரி சில தண்டுல கண்ணாடி பூசுவாங்களாமே, உள்ள உடையாதா?” என்றார். கேள்வி சரியானதுதான். எலும்பு தண்டோடு ஒட்டிக்கொள்ளத்தான் பூச்சு. அதற்குக் கண்ணாடியும் உண்டு, ஹைட்ராக்ஸி அப்படைட் என்ற தாதுவும் உண்டு.

1969இல் ஃப்ளோரிடாவில் லாரி ஹென்ச் என்ற ஆய்வாளர் உருவாக்கிய கண்ணாடியில், மணலில் இருக்கும் சிலிக்கா 45 சதவீதம்தான். ஜன்னல் கண்ணாடியில் 70க்கு மேல். அதனால் இது உடல் திரவத்தில் மெல்லக் கரையும். மேலே சிலிக்கா கூழ் படியும், அதன்மேல் எலும்புத் தாது போன்ற படலம் வளரும், எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ராக்ஸி அப்படைட்டோ பிறவியிலேயே எலும்புத் தாதுவின் உறவுக்காரன். ஒட்டும் வேகத்தில் கண்ணாடி முந்தும்.

சிக்கல் சூட்டில். இந்தக் கண்ணாடி டைட்டானியத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். சூளையில் பூசி ஆறவிட்டால் அதிகம் சுருங்கி விரிசல் விடும். எங்கள் வீட்டு எனாமல் தம்ளரின் விளிம்பில் சில்லு பெயர்ந்து கறுப்பாகத் தெரியுமே, அந்த மாதிரிதான். சிலிக்காவைக் கூட்டினால் விரிவு குறையும். 60 சதவீதத்தைத் தாண்டினால் எலும்போடு ஒட்டும் குணமே போய்விடும்.

அப்படைட்டைப் பிளாஸ்மா என்ற மிகச் சூடான வாயுச் சுடரில் தெளிப்பார்கள். அந்தச் சூட்டில் கொஞ்சம் சிதையும், சிதைந்த பகுதி சீக்கிரம் கரையும். ஆனாலும் 1980களிலிருந்து இடுப்பு மூட்டுகளில் பழகிய பூச்சு அது. எடை தாங்கும் தண்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கண்ணாடியைத் தூளாக்கி எலும்புக் குழிகளில் நிரப்பலாம். அங்கே விரிசல் கவலை இல்லை.

“அப்போ எனக்குள்ள எது?” என்றார் மாமா. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.