டீபீ-லிங்க் எம்ஆர்6400 ரவுட்டர்: மலையகத்து வீட்டில் நெட் நின்றால் எங்கே பார்ப்பது?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் கம்பியூட்டருக்கு நெட் வரவில்லை என்றால், பார்க்க ஆள் மேலே ஏறி வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டவுன் கடைக்குக் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனாலும், கடையின் வைஃபையில் அது ஒழுங்காக வேலை செய்யும். வீட்டுக்குக் கொண்டு வந்தால் பழைய கதைதான். அதனால் இங்கே சிம் போட்டு நெட் எடுக்கும் 4ஜி ரவுட்டர் ஒன்றை எடைபோடும்போது வேகத்தை இரண்டாவதாக வைக்கலாம். இணைப்பு நின்றால் கோளாறு டவர் பக்கமா, சிம்மா, வயரா, கம்பியூட்டரா என்று வீட்டிலிருப்பவரே கண்டுபிடிக்க அந்தப் பெட்டி எவ்வளவு உதவுகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அந்த வகையில் எம்ஆர்6400 நல்ல பெட்டி என்பது எங்கள் தீர்ப்பு. குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறோம்.

பெட்டிக்குள் ரவுட்டர், கழற்றி மாட்டக்கூடிய இரண்டு அன்டெனா, ஒரு ஈதர்நெட் கேபிள், 9 வோல்ட் அடப்டர் இருக்கும். 4ஜி பக்கம் கேட் 4, அதாவது உச்ச அளவு பதிவிறக்கம் 150 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 50. தோட்டத்தில் அந்த எண்களை எதிர்பார்க்க வேண்டாம். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும். பின்னால் கம்பியூட்டரைக் கேபிளில் இணைக்கும் நாலு லேன் போர்ட், எல்லாம் 100 எம்பிபிஎஸ். எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாத பெட்டி என்பதுதான் மலையகத்துக்கு இதன் பெரிய பலம். ஒரு மலைச்சரிவுக்கு ஒரு நிறுவனத்தின் டவர் நேராகத் தெரியும், மறு சரிவுக்கு வேறொன்று. வீடு மாறினாலும் டவர் மாறினாலும் சிம்மை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் வீட்டு இணையத்துக்கென்று விற்கும் சில சிம்கள் அவர்களுடைய ரவுட்டரோடு அல்லது ஓரிடத்தோடு கட்டப்பட்டிருக்கும். அவற்றை இதில் போடலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முன்பக்க லைட்டுகள்தான் இந்த ரவுட்டரில் எங்களுக்கு அதிகம் பிடித்தது. சிக்னலுக்கு மூன்று கோடு, இன்டர்நெட்டுக்குத் தனி லைட், வைஃபைக்கு ஒன்று, லேனுக்கு ஒன்று. சிக்னல் கோடு ஒன்றுகூட எரியவில்லை என்றால் சிம் சரியாக உட்காரவில்லை, அல்லது சிம்முக்கு பின் நம்பர் (PIN) பூட்டு இருக்கிறது, அல்லது அந்த நிறுவனத்தின் அலை அங்கே எட்டவில்லை. ரவுட்டரை ஓஃப் செய்து சிம்மை எடுத்து ஒரு போனில் போட்டால் மூன்றில் எது என்று தெரிந்துவிடும். பின் நம்பர் கேட்டால் போனிலேயே அந்தப் பூட்டை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

சிக்னல் கோடு எரிகிறது, இன்டர்நெட் லைட் அணைந்திருக்கிறது என்றால் டவர் கிடைத்துவிட்டது, டேட்டா மட்டும் திறக்கவில்லை. பெரும்பாலும் ஏபிஎன், அதாவது நிறுவனத்தின் டேட்டாவுக்குள் நுழையும் வாசலின் பெயர், தவறு. கம்பியூட்டரில் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து, மொபைல் டேட்டா ஓன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஎன் தானாக வரவில்லை என்றால் நிறுவனத்திடம் கேட்டு, புதிய புரொஃபைல் ஒன்றில் எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். அங்கேயே டேட்டா எல்லை வைக்கும் வசதி இருக்கிறது. வீட்டில் யாராவது மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று எல்லை வைத்திருந்தால், அது தீர்ந்ததும் ரவுட்டரே நெட்டை நிறுத்திவிடும். சிம்மில் டேட்டா மிச்சமிருக்கும், எல்லோரும் டவரைத் திட்டுவார்கள். இதையும் பார்த்துவிடுங்கள்.

இன்டர்நெட் லைட் எரிந்தும் ஒன்றும் திறக்கவில்லையா? பக்கேஜ் மீதியைப் பாருங்கள். இங்குள்ள பல பக்கேஜ்களில் இரவு டேட்டா தனி, எந்நேரமும் பாவிக்கும் டேட்டா தனி. பகல் பங்கு முடிந்தால் இரவுப் பங்கு நிறைய இருந்தும் பகலில் நெட் வராது. மீதி இருக்கிறது என்றால் சந்தேகம் கம்பியூட்டர் மேல் போக வேண்டும்.

அதற்கு முன் ரவுட்டரை வைக்கும் இடம் பற்றி. லயக் காம்பராக்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், தடித்த கல் சுவரும் தலைக்கு மேல் இருக்கும் தகரமும் 4ஜி அலைக்குப் பெரிய தடை. தகரம் அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். கம்பியூட்டர் இருக்கும் மேசையில் ரவுட்டரை வைப்பதுதான் வழக்கமான தவறு. டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில், கதவு உயரத்துக்கு மேலே ரவுட்டரை வைத்து, கம்பியூட்டருக்கு லேன் கேபிளை இழுங்கள். நல்ல கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ரவுட்டரை இடம் மாற்ற அது தாராளம். எந்த ஜன்னல் நல்லது என்று அறிய அதே சிம்மை ஒரு அன்ட்ராய்ட் போனில் போட்டு, செட்டிங்ஸில் அபவுட் போன், சிம் ஸ்டேடஸ் என்ற பகுதியில் சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் (dBm) எண்ணைப் பாருங்கள். 4ஜியில் கழித்தல் 90க்கு மேலே, அதாவது பூச்சியத்துக்கு இன்னும் கிட்ட, இருந்தால் நன்று. கழித்தல் 110ஐத் தாண்டிக் கீழே போனால் எந்த ரவுட்டரும் கஷ்டப்படும்.

பனிமூட்டம் இறங்கினால் நெட் போகும் என்பது மலைநாட்டில் பரவலான நம்பிக்கை. இந்த அலைவரிசைகளில் பனியால் ஏற்படும் இழப்பு கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது. டவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஓங்கி வளர்ந்த டர்பன்டைன் மரங்கள் நனைந்து நின்றால் இழப்பு நிஜமானது. மழைக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து பாவிக்கும்போது டவரில் நெரிசலும் கூடும். மரம் மறைக்கிறது என்றால் கழற்றக்கூடிய அன்டெனா இங்கே கைகொடுக்கும். இரண்டையும் கழற்றி, டவரைப் பார்த்துத் திருப்பும் வெளி அன்டெனா ஜோடி ஒன்றை மாட்டலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான். வயரை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ வையுங்கள். மெல்லிய ஆர்ஜி58 வயர் பத்து மீட்டர் ஓடினால், அன்டெனா கூட்டித் தந்த சிக்னலில் பெரும்பகுதியை வயரே தின்றுவிடும்.

இனிக் கம்பியூட்டர். முதலில் ஒரு போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ரவுட்டரின் வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். டேட்டாவை நிறுத்த மறந்தால் போன் தன் சொந்த நெட்டில் ஓடி உங்களை ஏமாற்றும். போனில் வருகிறது, கம்பியூட்டரில் வரவில்லை என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள். ரீசெட் பட்டனை அழுத்தினால் நன்றாக இருந்த ஏபிஎன், பாஸ்வேர்ட் எல்லாம் போய், ஒரு கோளாறு இரண்டாகும்.

லேன் கேபிளை 1, 2, 3 என்று குறித்த போர்ட்டுகளில் ஒன்றில் செருகுங்கள். நாலாவது போர்ட் லேனுக்கும், வெளியிலிருந்து வரும் இணைய வயரை மாட்டும் வேனுக்கும் (WAN) பொது. யாராவது ரவுட்டரை வயர் இணைய முறைக்கு மாற்றியிருந்தால் அந்த போர்ட்டில் செருகிய கம்பியூட்டருக்கு முகவரி கிடைக்காது. செருகியதும் கம்பியூட்டரின் பின்னால் அந்தத் துளையில் சின்ன லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். கிளிப் உடைந்த முனையும், தட்டி இடுக்கில் எலி கடித்த கேபிளும் இங்கே சாதாரணம்.

லைட் எரிந்தால் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கில எழுத்தில் அடித்து, கறுப்பு ஜன்னலில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். ஐபிவி4 வரியில் 192.168.1 என்று தொடங்கும் எண் இருந்தால் ரவுட்டர் முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை. அந்த எண்ணைக் கம்பியூட்டர் தானே போட்டுக்கொண்டது. இரண்டும் இல்லாமல் வேறு எண் இருந்தால், பெரும்பாலும் பழைய டெலிபோன் லைன் இணைப்புக்காக யாரோ கையால் எழுதிவைத்த முகவரி இன்னும் அழியாமல் இருக்கிறது. பழைய கம்பியூட்டர் வாங்கிய வீடுகளில் இது அடிக்கடி வரும். கன்ட்ரோல் பெனலில் அந்த இணைப்பின் புரொப்பர்ட்டீஸைத் திறந்து, ஐபிவி4 பகுதியில் முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) இரண்டையும் தானாகப் பெறும்படி விடுங்கள்.

அடுத்தது பிங், அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அதே கறுப்பு ஜன்னலில் ping என்று அடித்து, இடைவெளி விட்டு முகவரியை அடியுங்கள். மூன்று தடவை, இந்த வரிசையில். முதலில் 192.168.1.1. பதில் வராவிட்டால் கோளாறு கம்பியூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில்: கேபிள், வைஃபை, முகவரி. பதில் வந்தால் 8.8.8.8, இது கூகுளின் முகவரி. இதில் நின்றால் ரவுட்டருக்கு அப்பால்: சிக்னல், ஏபிஎன், டேட்டா. அதுவும் வந்தால் ஏதாவது ஓர் இணையத்தளத்தின் பெயர். பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ். அதைக் கையால் 8.8.8.8, 1.1.1.1 என்று போட்டால் சரியாகும். இந்த மூன்று கேள்விக்கும் ஐந்து நிமிடம் போதும், ஆனால் இதைச் செய்யாமல் விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றுக்கும் பதில் வந்தும் பிரவுசரில் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று நின்றால் திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்த கம்பியூட்டர், கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ்கள் திகதி பார்த்தே ஏற்கப்படுவதால் எதுவும் திறக்காது. திகதியைத் திருத்துங்கள், பிறகு பேட்டரியை மாற்றுங்கள். 3 வோல்ட் பேட்டரி, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். திகதி சரி என்றால் ப்ரொக்ஸி, அதாவது நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் அமைப்பு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ரொக்ஸி ஓன் ஆகியிருந்தால் ஓஃப் செய்யுங்கள். விபிஎன் அல்லது வைரஸ் மென்பொருள் விட்டுப்போன மிச்சம் அது.

வைஃபை பெயரே கம்பியூட்டரில் தெரியவில்லை என்றால், ரவுட்டரின் பின்னால் உள்ள வைஃபை பட்டன் தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கலாம். வைஃபை லைட் அதைச் சொல்லிவிடும். லைட் எரிந்தும், கம்பியூட்டரில் வைஃபை பிடிக்க மாட்டும் பழைய யூஎஸ்பி டொங்கிளுக்கு மட்டும் தெரியாவிட்டால் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் நிற்கலாம். பல பழைய டொங்கிள்கள் அவற்றைப் பிடிக்காது. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலையாக வையுங்கள். விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு வைஃபை மறைந்தால், வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று திகைக்க வேண்டாம். அன்ட்ராய்ட் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை ஓன் செய்தால் கம்பியூட்டருக்கு உடனே நெட் வரும்.

எல்லாம் பார்த்தும் தீராவிட்டால் மட்டும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள நெட்வொர்க் ரீசெட். அது எல்லா வைஃபை பாஸ்வேர்ட்டையும் அழிக்கும். எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள். நெட் வந்ததும் அந்த இணைப்பை விண்டோஸ் செட்டிங்ஸில் மீட்டர்ட் (அளவுள்ள டேட்டா) என்று குறித்துவிட்டால் விண்டோஸ் அப்டேட் மாதப் பக்கேஜை ஒரே இரவில் விழுங்காது. ரவுட்டரின் டேட்டா எல்லையைவிட இது நல்ல காவல்.

கரண்ட் விஷயத்தில் இந்தப் பெட்டி பலவீனமானது. உள்ளே பேட்டரி இல்லை. மினி யூபிஎஸ் வாங்கலாம், 10,400 எம்ஏஎச் அளவுள்ளது மூன்று நான்கு மணித்தியாலம் ஓட்டும். ஆனால் பல மினி யூபிஎஸ்களில் 5, 9, 12 வோல்ட் துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 9இல் மட்டும் செருகுங்கள். 12இல் செருகினால் ரவுட்டர் கருகக்கூடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை தொடங்கும்போது அடப்டரோடு லேன் கேபிளையும், வெளி அன்டெனா இருந்தால் அதன் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு லேன் கேபிளை விட்டால் மின்னல் அந்த வழியாகக் கம்பியூட்டரின் மதர்போர்டுக்குப் போகக்கூடும்.

ஃபைபர் லைன் வரும் டவுன் வீடுகளுக்கு, ஹட்டனோ பண்டாரவளையோ, இது தேவையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இல்லாததால் வீடு நெருங்கிய இடத்தில் 2.4 நெரிசலில் மாட்டிக்கொள்ளும். ஃபைபர் எட்டாத தோட்டத்தில், கம்பியூட்டர் கேபிளில் ஓடும் வீட்டுக்கு அந்தக் குறை பெரிதாகத் தைக்காது. பழையது வாங்குவதாக இருந்தால் அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள்: எந்த நாட்டுக்கான பதிப்பு என்று தெரிந்துகொண்டு, இங்கே முக்கியமான 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3, அதில் உண்டா என்று உறுதிசெய்யுங்கள். அதே லேபிளில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து பதிவில்லாத கருவிகளுக்குப் புதிதாக இணைப்புக் கிடைப்பது சிக்கல். பதில் வந்த பிறகு காசு கொடுங்கள்.