எழுதும் நாளுக்கு எது: வீட்டு ஃபில்டரா, தெருமுனைக் கடையா?

எழுத்து, ஓவியம், வடிவமைப்பு என்று வீட்டிலிருந்தே உழைப்பவர்களுக்கு அலுவலக மணி கிடையாது. நாளைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் காபிதான்.

வீட்டு ஃபில்டரில் எனக்குப் பிடித்ததே அதன் தாமதம். மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடைத் தட்டால் லேசாக அழுத்தி, கொதித்த தண்ணீரை ஊற்றி மூடினால், டிகாஷன் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். அழுத்தம் கூடிவிட்டால் சொட்டவே சொட்டாது. மூடியின் மேல் கரண்டியால் ஒரு தட்டு தட்ட வேண்டும். அந்த இடைவெளியில் நேற்று எழுதிய பக்கத்தைப் படித்துவிடுவேன். சிக்கரி 20 சதவீதம் கலந்த பொடியென்றால் டிகாஷன் இன்னும் கெட்டி. டவராவில் நுரை பொங்க ஆற்றும்போதே முதல் வரி பிடிபட்ட காலைகள் உண்டு.

கடையில் இரண்டே நிமிடத்தில் டம்ளர் கைக்கு வந்துவிடும். சுவையும் சில கடைகளில் அருமை. ஆனால் நான் போவது பேச்சுக்காக. பக்கத்து பெஞ்சில் இருவர் நிலத் தகராறு பேசும் தொனி, உரையாடல் எழுதுகிறவருக்குப் பொக்கிஷம். தெரிந்தவர் யாராவது வந்துவிட்டால் மட்டும் ஒரு மணி நேரம் போச்சு!

அதனால் எழுதும் காலைக்கு ஃபில்டர்தான். கடைக்கு மாலை 4 மணி, அதற்குப் பிறகு வேண்டாம்; உள்ளே போன காஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கெடு நெருங்கிய நாளில் கடைப் பக்கமே போகாமல், இரண்டாம் டிகாஷனில் ஓட்டிவிடுவேன்.