பாசோபனிப் மாத்திரை: உடலுக்குத் தெரியாத பக்கவிளைவு

பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்காக என் தந்தை உட்கொண்டுவரும் பாசோபனிப் மாத்திரையைப் பற்றி, இதைத் தொடங்கவிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். வோட்ரியன்ட் என்ற பெயரில் 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, புற்றுநோய்க் கட்டி தனக்கெனப் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம். வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும்.

இதே நோய்க்குத் தரப்படும் சுனிடினிப் மருந்துடன் இதை ஒப்பிட்டு 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், நோயைக் கட்டுக்குள் வைப்பதில் இது பின்தங்கவில்லை என்று தெரிந்தது. சோர்வும் கை கால் தோல் பாதிப்பும் இதில் குறைவாகவும், கல்லீரல் பாதிப்பை இரத்தத்தில் காட்டும் கல்லீரல் நொதி உயர்வு கூடுதலாகவும் இருந்தன. இரண்டையும் உட்கொண்டு பார்த்தவர்களிடம் கேட்ட மற்றோர் ஆய்வில், 70 சதவீதத்தினர் பாசோபனிப்பையே விரும்பினர். அந்த விருப்பம் நியாயமானதே. ஆயினும் நோயாளி உணரும் தொல்லைகள் குறைந்து, அவர் உணராத தொல்லை கூடியிருக்கிறது என்பதைக் குடும்பத்தினர் மறக்கக் கூடாது. என் தந்தை நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக உறங்கிய நாட்களில்தான் அவருடைய எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு ஏறியிருந்தது.

உயிருக்கே ஆபத்தான கல்லீரல் பாதிப்பு நேரலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே கட்டமிட்டு எச்சரித்திருக்கிறார்கள். நொதி உயர்வு பெரும்பாலும் முதல் 18 வாரங்களுக்குள் தோன்றுவதால், தொடங்கும் முன்பும், 3, 5, 7, 9-ஆம் வாரங்களிலும், மூன்றாம், நான்காம் மாதங்களிலும், அதன் பிறகு அவ்வப்போதும் இரத்தப் பரிசோதனை தேவை. கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமியான பிலிரூபின் உயராமல் எஸ்ஜிபிடி மட்டும் இயல்பின் உச்ச வரம்பைப்போல் மூன்று முதல் எட்டு மடங்கு வரை இருந்தால், வாரந்தோறும் பரிசோதித்தபடி மருந்தைத் தொடரலாம். எட்டு மடங்கைத் தாண்டினால் நிறுத்திவைக்க வேண்டும். மூன்று மடங்குக்கு மேற்பட்ட உயர்வுடன் பிலிரூபினும் இரு மடங்கைத் தாண்டினால் பொதுவாக நிரந்தரமாகக் கைவிட வேண்டும். தந்தைக்கு ஏற்பட்டது முதல் வகை. பயந்து நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்னபடி தொடர்ந்தோம். அளவு மெல்ல இறங்கியது.

எங்களுக்குக் கிடைத்த பெட்டியிலிருந்த தாளில் இவையெல்லாம் பொடி எழுத்து ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது பெருங்குறை. கொழுப்பைக் குறைக்கச் சிம்வாஸ்டாடின் உட்கொள்வோருக்கு நொதி உயர்வு அதிகம் என்பதால், மருந்து தொடங்கும் நாளிலேயே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.