சர்க்கரை சென்சார் கழன்று விழாமலும் தோல் புண்ணாகாமலும் இருக்க: எதை ஒட்டலாம், எதை விடலாம்?

சர்க்கரை சென்சார் என்பது கையில் ஒட்டிவைத்து, தோலுக்குள் போகிற மெல்லிய இழையால் சர்க்கரை அளவைப் பார்க்கிற சின்னச் சாதனம். மாடலைப் பொறுத்து, லிப்ரே பிராண்ட் என்றால் 14 அல்லது 15 நாள், டெக்ஸ்காம் பிராண்ட் என்றால் 10 அல்லது 15 நாள் கையில் நிற்க வேண்டும். நம்ம ஊர் மே மாதத்தில் நான்காம் நாளே ஓரம் தூக்க ஆரம்பித்துவிடும். என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். வலது கையில் போட்டால் ஸ்கூல் பேக் பட்டை உரசுகிற பக்கம்தான் முதலில் கிளம்பும். அந்த இடுக்கில் தூசி சேர்ந்து கறுப்பாக ஒரு கோடு விழும், அப்புறம் ஒரே நாளில் பாதி கழன்றுவிடும். விழுந்த சென்சாரைத் திரும்ப ஒட்ட முடியாது. உள்ளே போயிருந்த மெல்லிய இழை வெளியே வந்துவிட்டால் சில ஆயிரம் ரூபாய் அதோடு போச்சு.

அதனால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னும் பலமா ஒட்ட என்ன பண்ணலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒட்டாமல் போவது ஒரு பிரச்சினை, தோல் சிவந்து அரிப்பது வேறு பிரச்சினை. முதலாவதற்கு வாங்குகிற பொருள் பெரும்பாலும் இரண்டாவதைக் கூட்டும். அரிக்கிற தோல் மேலேயே இன்னும் பலமான பசையைத் தடவுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். உங்களுக்கு எது தொல்லை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவதுதான் நல்லது.

காசு செலவில்லாத வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையில் எந்தப் பசையும் நிற்காது. மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பும் அப்படித்தான். சாதாரண சோப்பால் கழுவி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஸ்வாப்பால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். ஈரம் இருக்கும்போதே ஒட்டினால் பிடிமானமும் போகும், எரிச்சலும் வரும். முடி அதிகம் இருந்தால் கத்தரிக்கலாம். ரேசரால் மழித்த உடனே போட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் பசை படும். இந்தப் பசைகள் ஒட்டின நிமிடத்தில் முழு பலத்தைக் காட்டாது, நேரம் ஆக ஆகத்தான் இறுகும். ஆகவே சென்சார் போட்டு விரலால் ஓரம் முழுக்க நன்றாக அழுத்திவிட்டு, அன்றைக்குக் குளியலையும் விளையாட்டையும் தள்ளி வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது எங்களுக்கு ஒத்துவருகிறது.

இதற்கு மேலும் தேவைப்பட்டால், சென்சாருக்கு அடியில் போடுகிறவை இரண்டு. ஸ்கின் டாக் போன்ற பிசுபிசுப்பு பசை ஒன்று, கேவிலான் போன்ற தடுப்புப் படலம் இன்னொன்று. இரண்டும் சின்ன பாக்கெட்டில் துடைப்பான் வடிவில் கிடைப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துவிடுகிறார்கள். வேலை வேறு. ஸ்கின் டாக் தோலைப் பசையாக்கும். நிறைய வியர்ப்பவர், நீச்சல் அடிப்பவர், தோல் நன்றாக இருப்பவர் ஆகியோருக்கு அது சரி. ஆனால் அதில் ஆல்கஹால் உண்டு, உரிந்த தோலில் பட்டால் எரியும். கழற்றும்போதும் தோலை இழுக்கும். ஊசி இறங்குகிற நடுப்பகுதியை விட்டுவிட்டு வட்டமாகத் தடவ வேண்டும்.

கேவிலான் தோல் மேல் ஒரு மெல்லிய படலத்தைப் போடுகிறது. அதில் ஆல்கஹால் இல்லை, எரியாது, அரை நிமிடம் போல விட்டால் காய்ந்துவிடும். சென்சாரை எடுக்கும்போது பசை தோலின் மேல் அடுக்கை உரிப்பதற்குப் பதில் இந்தப் படலத்தை இழுத்துக்கொண்டு வரும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் கேவிலானைத்தான் சொல்வேன். பிடிமானத்தை மேலே ஒட்டுகிற டேப்பால் கூட்டிக்கொள்ளலாம், உரிந்த தோலுக்கு அப்படிச் சுலப வழி இல்லை.

மேலே ஒட்டுகிற டேப்பில்தான் உண்மையான போட்டி. டெகாடெர்ம் மாதிரி ஒளி ஊடுருவும் படலத்தை மெடிக்கல் ஷாப்பில் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். தண்ணீர் உள்ளே போகாது, ஆவி ஓரளவு வெளியே வரும். ஏசி அறையில் வேலை செய்கிறவருக்கு அருமையான பொருள். வெயிலில் பஸ் ஏறி இறங்குகிறவருக்கு, ஆவி வெளியேறும் வேகத்தைவிட வியர்வை ஊறும் வேகம் அதிகம். இரண்டு மூன்று நாளில் அடியில் தோல் வெளுத்து ஊறிப்போகும். ஊறின தோலில்தான் எரிச்சல் சீக்கிரம் வரும். இன்னொன்றும் உண்டு. லிப்ரே சென்சாரின் நடுவில் குட்டியாக ஒரு துளை இருக்கும், அதை மூடக் கூடாது. படலத்தை முழுசாக மேலே போர்த்தினால் துளை மூடிவிடும். நடுவில் வெட்டி எடுத்துவிட்டுச் சுற்றி மட்டும் ஒட்ட வேண்டும்.

விளையாட்டு வீரர்கள் முழங்காலில் ஒட்டிக்கொள்கிற கைனீசியாலஜி டேப் பருத்தித் துணியில் வருவது. காற்று போகும், நனைந்தாலும் காய்ந்துவிடும், கை அசைவோடு சேர்ந்து நீளும். எங்கள் வீட்டில் நிலைத்தது இதுதான். நடுவில் சென்சார் அளவுக்கு வட்டம் வெட்டி, நான்கு மூலையையும் உருட்டி வெட்டிவிட வேண்டும். கூர்மையான மூலை சட்டைக் கையில் மாட்டி முதல் நாளே கிளம்பும். ஒட்டும்போது இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டிய டேப் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், கூடவே தோலையும் இழுக்கும், ஓரத்தில் கொப்புளம் வரும். ஒட்டினபின் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கினால் பசை நன்றாகப் பிடிக்கும். ஐந்தாறு நாளில் டேப் மட்டும் நைந்தால், சென்சாரை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப்பை மட்டும் மாற்றலாம்.

ஹைபாஃபிக்ஸ் மாதிரி வெள்ளைத் துணி டேப் இதற்கு அடுத்தது, மென்மையானது, விலையும் கம்மி, ஆனால் தண்ணீரில் சீக்கிரம் தளரும். மைக்ரோபோர் காகித டேப் ஓரிரு நாள் தாங்கும், அவசரத்துக்கு மட்டும். காயத்துக்குப் போடுகிற பழைய வகை ஜிங்க் ஆக்சைடு பிளாஸ்டர் வேண்டவே வேண்டாம். அதன் பசையில் பெரும்பாலும் கொலோஃபனி என்ற மரப்பிசின் இருக்கும், ஒவ்வாமைக்குப் பேர்போனது. பலமாக ஒட்டும் என்பதற்காக அதைப் போட்டுவிட்டுச் சென்சாரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

இப்போது அரிப்பு விஷயம். சென்சாரை எடுத்ததும் லேசான சிவப்பு, ஓரிரு நாளில் மறைந்துவிடுகிறது என்றால் அது வெறும் எரிச்சல். தடுப்புப் படலம், இடம் மாற்றுவது, மெதுவாக உரிப்பது ஆகியவற்றால் அடங்கும். ஒவ்வாமை வேறு மாதிரி. மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வரும். அரிப்பு தாங்காது, சின்னச் சின்னக் கொப்புளம், நீர் வடிதல், சென்சாரின் வட்டம் அச்சடித்தது போலத் தெரியும். ஒவ்வொரு முறையும் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும். உடம்பு ஒருமுறை அந்த ரசாயனத்தை எதிரியாகப் பழகிவிட்டால் பெரும்பாலும் மறக்காது.

லிப்ரே ஐரோப்பாவில் 2014இல் வந்தது. 2017இல் பெல்ஜியத் தோல் மருத்துவர்கள் அதில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கவனிக்க வேண்டியது, அது தோலில் ஒட்டுகிற பசையில் சேர்த்த பொருளல்ல. பிளாஸ்டிக் உறையின் பாகங்களை ஒட்டப் பயன்பட்டது, அங்கிருந்து கசிந்து தோல் வரை வந்தது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2020ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதையே அறிவித்தது. பிறகு வந்த லிப்ரே 2இல் அது இல்லை என்று சோதனைகளில் தெரிந்தது. ஆனால் பழைய சென்சாரில் ஒவ்வாமை ஆனவருக்கு வேறு சாதனத்தின் பசையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சென்சாரிலிருந்தே கசிகிற பொருளுக்கு மேலே எவ்வளவு நல்ல டேப் ஒட்டியும் பயன் இல்லை, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

ஒவ்வாமைக்காரர்கள் முன் இருப்பவை மூன்று. கால் கொப்புளத்துக்கு ஒட்டுகிற ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டரைச் சென்சாருக்கு அடியில் போடுவது ஒன்று. தடிமன் இருப்பதால் கேவிலான் படலத்தைவிட நன்றாகத் தடுக்கும், ஐரோப்பாவில் நோயாளிகளிடம் வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். குறை என்னவென்றால் வியர்வையை உறிஞ்சி வெள்ளையாக உப்பிவிடும், நம் வெயிலில் சீக்கிரமாகவே. பிளாஸ்டரின் தடிமன் அளவுக்கு இழை இறங்குகிற ஆழமும் குறையும், அதனால் முதல் இரண்டு மூன்று நாள் விரலில் குத்திப் பார்த்து, சென்சார் காட்டுகிற அளவோடு ஒப்பிட வேண்டும். தயாரிப்பாளர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மூக்கில் அடிக்கிற ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயைத் தோலில் அடித்துக் காயவிட்டுச் சென்சார் போடுவது இரண்டாவது. சிலருக்குக் கேட்கிறது. ஆனால் அது ஸ்டீராய்டு, அதற்காக அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் அல்ல. குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் வருடக்கணக்கில் அடிக்க வேண்டாம். மூன்றாவது, சென்சாரையே மாற்றுவது. செலவு கூடும், ஆனால் கொப்புளம் நீர் வடிகிற நிலையில் எனக்குச் சரியென்று படுவது அதுதான். மாற்றுவதற்கு முன் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கிற சோதனை) செய்து எதற்கு ஒவ்வாமை என்று தெரிந்துகொண்டால், அடுத்ததை வாங்கி அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகிற செலவு மிச்சமாகும்.

கழற்றுவதில் காட்டுகிற அவசரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். விசுக்கென்று இழுத்தால் வலி குறையும் என்ற நம்பிக்கையில் தோலைத்தான் உரிக்கிறோம். தேங்காய் எண்ணெயை ஓரத்தில் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு, டேப்பை மேலே தூக்காமல் தோலோடு படுக்கை வாட்டில் மடித்து மெல்ல நகர்த்த வேண்டும், மறு கை விரலால் தோலை அழுத்திக்கொண்டே. அடுத்ததை எதிர்க் கையில் போடுங்கள், பழைய இடம் முழுக்க ஆறட்டும். தடவின எண்ணெயைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அடுத்த முறை அதே இடத்தில் சென்சார் ஒட்டாது.