செயின்சாவுக்கு எந்த ஆயில், எந்தப் பெட்ரோல்: மூன்று ஆயில் ஊற்றிப் பார்த்ததில்

கடையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தோப்பில் இரண்டு டூ-ஸ்ட்ரோக் மிஷின் உண்டு, அதாவது பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய ரகம். ஒன்று மரம் அறுக்கிற செயின்சா, இன்னொன்று களை வெட்டுகிற பிரஷ் கட்டர். ஆடிக் காற்றில் மரம் சாய்ந்தால் செயின்சாவை எடுப்போம், மழை விட்டு தென்னைக்கு நடுவில் புல் முழங்கால் உயரம் ஏறினால் கட்டரை எடுப்போம். மற்ற நாளெல்லாம் இரண்டும் மோட்டார் ரூமில் தூங்கும். டேங்கில் பெட்ரோலோடு தூங்கும் என்பதுதான் விசயம். அது புரிய எனக்கு இரண்டு வருசம் ஆனது, ஒரு பிஸ்டனும் போனது.

இதுவரை மூன்று விதமான 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றிப் பார்த்துவிட்டேன். கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை, ஏனென்றால் பாட்டிலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக்குறியை.

முதலாவது, பெட்ரோல் பல்க்கில் கிடைத்த சாதா ஆயில். டிவிஎஸ் 50, பழைய எக்ஸ்எல் ஓடிய காலத்தில் எந்தப் பல்க்குக்குப் போனாலும் கேட்காமலேயே ஆயிலை அளந்து ஊற்றிவிட்டுத்தான் பெட்ரோல் அடிப்பார்கள். 2015-இல் எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக்காக வந்த பிறகு அந்தப் பழக்கம் மெல்ல மெல்லப் போய், இப்போது 2டி ஆயில் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் துழாவி, தூசி படிந்த பாட்டில் ஒன்றை எடுத்துத் தருகிறார்கள். நான் வாங்கியதில் ஜாசோ எஃப்பி என்ற ஜப்பான் தரக்குறி போட்டிருந்தது. லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, அதாவது 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்ற 25:1 கணக்கில் கலந்தேன். மிஷின் ஓடியது, குறை சொல்ல முடியாது, ஆனால் அப்படி ஒரு புகை. வாழைக்குள் நின்று கட்டர் ஓட்டினால் கொசு மருந்து அடிக்க வந்த ஆள் மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் பிளக்கில் கரி, சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலையும் அடைத்துக்கொண்டு மிஷின் முக்க ஆரம்பித்தது. வலையைக் கழற்றி அடுப்பில் காட்டி பிரஷ் போட்டதும் சரியாகிவிட்டது.

இரண்டாவதுதான் வினை. மைத்துனருக்கு உவரியில் ஃபைபர் வள்ளம் இருக்கிறது, அதன் அவுட்போர்டு மோட்டாருக்கு வாங்கிய ஆயிலில் மிச்சம் இரண்டு லிட்டர் கொடுத்தார். டப்பாவிலேயே டூ-ஸ்ட்ரோக் என்று போட்டிருக்கிறது, சும்மா கிடைக்கிறது, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? சாயத்தைப் பார்த்தால் நல்ல ஆயில் மாதிரியே இருந்தது. நல்ல ஆயில்தான், வள்ளத்துக்கு. அதில் டிசி-டபிள்யூ3 என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்தத் தரம் கடல் தண்ணீரையே சுற்றவிட்டு சூட்டைத் தணித்துக்கொள்ளும் மோட்டாருக்கானது. நம் செயின்சாவுக்குக் காற்று மட்டும்தான் துணை, சிலிண்டர் அதைவிட எவ்வளவோ அதிகம் கொதிக்கும். பங்குனி வெயிலில் காய்ந்த வேம்பு ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான், நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

அம்பாசமுத்திரத்தில் மிஷின் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் சைலன்சரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியது போலக் கோடு கோடாக இருந்தது. "தண்ணி குடிக்கிற மோட்டாருக்கு உள்ளத காத்து குடிக்கிற மோட்டாருக்கு ஊத்தியிருக்கீய, தம்பி. போதாததுக்கு பெட்ரோலும் பழசு. இனிமே இத கேட்டுட்டு செய்யுங்க." பிஸ்டன், ரிங் மாற்றியதும் கார்புரேட்டர் டயாபிராம் மாற்றியதுமாகச் சேர்த்து, எத்தனை பாட்டில் ஆயில் வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதை இங்கே எழுதவில்லை.

மூன்றாவது, இப்போது ஒன்றரை வருசமாக ஊற்றுவது, ஜாசோ எஃப்டி என்று போட்ட சிந்தெட்டிக் ஆயில். எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று போகும் வரிசையில் கரி படியாமல் காப்பதில் இதுதான் மேல்படி. லிட்டர் 600 ரூபாய் கொடுத்தேன், யானை விலை என்றுதான் தோன்றியது. ஆனால் 50:1-க்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி போதும் என்பதால் 12 ரூபாய் ஆயில்தான் ஆகிறது. பெட்ரோலே நூறைத் தாண்டி விற்கும்போது இதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? புகை கண்ணுக்குத் தெரிவதில்லை, பிளக் காபிப்பொடி நிறத்தில் இருக்கிறது. இதற்குத் தாராளமாக ஐந்துக்கு நாலரை. அரை மார்க் குறைத்தது மூடிக்காக. அளவு மூடி என்று பெயர், 10 மில்லிக்குக் கோடே இல்லை, நான் மெடிக்கலில் ஊசி வாங்கி அளக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஆயிலுக்கும் 50:1 பொருந்தாது. செயின்சா கம்பெனியான ஸ்டில் கையேட்டில் அவர்கள் ஆயில் என்றால் 50:1, மற்ற ஆயில் என்றால் 25:1 என்று இருக்கிறது. இன்னொரு கம்பெனியான ஹஸ்க்வர்னா தன் ஆயிலுக்கு 50:1, மற்றதற்கு 33:1 என்கிறது. உங்கள் மிஷின் புத்தகத்தைத் தேடி எடுங்கள், அரிசிப் பானைக்குப் பின்னால்தான் கிடக்கும்.

இனி பெட்ரோல். ஆயிலைப் பற்றி இவ்வளவு பேசினாலும் மிஷினைக் கெடுப்பதில் பாதிப் பங்கு இதற்குத்தான். 2023 பிப்ரவரியில் சில பல்க்குகளில் ஆரம்பித்த 20 சதவீத எத்தனால் கலப்பு, 2025-க்குள் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. நம்பிக்கை இல்லாமல் நானே சோதித்தேன். 100 மில்லி கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீர், மேலே 80 மில்லி பெட்ரோல், நன்றாகக் குலுக்கி நிழலில் வைத்தேன். ஐந்து நிமிசத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. அடியில் 20 கோட்டில் நிற்க வேண்டிய தண்ணீர் 35-க்கு ஏறி இருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனால் அத்தனையும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. (சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றிவிடாதீர்கள், எங்கள் பையன் ஊற்றப் பார்த்தான்.)

இதே வேலை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கேனுக்குள் சத்தமில்லாமல் நடக்கும். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், தாங்கும் மட்டும் தாங்கும், தாங்காதபோது தண்ணீரும் எத்தனாலுமாக அடியில் போய்த் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க் பில்டர் கிடப்பது அடியில், ஆகவே முதலில் உறிஞ்சுவது ஆயிலே இல்லாத அந்தத் தண்ணீரைத்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைக்கு அப்புறம் பாதையில் விழுந்த மரத்தை அறுக்க ஊரே என் மிஷினுக்காக நின்றது, நான் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். கடைசியில் இரண்டு பேர் கோடாலியால் வெட்டித் தள்ளினார்கள்.

எத்தனாலில் இன்னொரு கோளாறும் உண்டு. அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய திருகு வைத்த கார்புரேட்டரில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைந்து, கலவை மெலிந்து இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். அதனால்தான் ஹஸ்க்வர்னா 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது, ஸ்டிலும் கையால் திருகும் கார்புரேட்டருக்கு அதையேதான் சொல்கிறது. ஆனால் இங்கே பல்க்கில் கிடைப்பது 20. வேறு வழி? அண்ணாச்சியிடம் கொடுத்து எச் திருகை (வேகமாக ஓடும்போது போகும் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் மிஷின் பறக்கும் என்று பக்கத்துத் தோப்பில் சொன்னார்கள், அதெல்லாம் இல்லை, இந்த மிஷின்களுக்கு 90 ஆக்டேனே போதும், அதற்கு மேல் போனால் பவர் ஏறாது.

இப்போது என் வழக்கம், ஒரு நேரத்துக்கு ஒரு லிட்டர்தான் கலப்பது. ஆயில் முதலில், பாதி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கல், அப்புறம் மீதி. கேனில் தேதி எழுதிவிடுவேன், 30 நாளைத் தாண்டினால் மிஷினுக்குக் கிடையாது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓட விடுகிறேன். மதிய வெயிலில் அணைத்த சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்தால் இன்னும் மக்கர் பண்ணத்தான் செய்கிறது, வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு ஒரு சொம்பு நீராகாரம் குடித்து வந்தால் கிளம்பிவிடும்.

முப்பது நாள் தாண்டிய கலவையை, அடி மண்டி இல்லாமல் தெளிவாக இருந்தால், சித்தப்பாவின் பழைய எக்ஸ்எல் சூப்பருக்கு ஊற்றிவிடுகிறேன். அவர் வாழை இலைக் கட்டோடு கடைத்தெருவுக்கு வருவதை இப்போதெல்லாம் புகையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.