முட்டி வலிக்குத் தாய் சி கேட்குமா? சேலத்தில் சொல்லிக்கொடுத்த அனுபவம்

தாய் சி என்பது மெதுவாக அசைந்து செய்யும் சீனத் தற்காப்புக் கலைப் பயிற்சி. அதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இரண்டே வகை. "முட்டி வலிக்கு இது கேட்குமா?" என்பவர்கள் ஒரு பக்கம். "நானும் கத்துக்கிட்டு வகுப்பு எடுக்கலாமா?" என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பூங்காவில் வாரத்தில் சில காலைகள், எப்போதாவது ஒரு ஞாயிறு ஏற்காட்டில். சில வருஷமாக என் வகுப்பு இப்படித்தான் ஓடுகிறது. இளசுகள் அபூர்வம். ரிட்டயர்டு வாத்தியார்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்தவர்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதற்கு முன் ஒரு மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் அம்மாக்கள், இவர்கள்தான் வருகிறார்கள். பாதிப் பேருக்கு முட்டி, மீதிப் பேருக்கு இடுப்பு. சர்க்கரையும் பிரஷரும் எல்லோருக்கும் பொது.

முட்டி வலிக்குக் கேட்கும். ஆனால் மெதுவாகக் கேட்கும். இரண்டு மாதம் வரை ஒன்றும் தெரியாது. மூன்றாவது மாதம் "படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்துட்டேன் மாஸ்டர்" என்று யாராவது வந்து சொல்வார்கள். தேய்ந்த மூட்டு புதிதாக முளைக்காது. எடையும் பெரிதாகக் குறையாது. தொப்பை குறைய வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் காந்தி ஸ்டேடியத்தில் நடக்கப் போய்விட்டார்கள், அதில் தப்பில்லை.

எந்த வரிசையை, அதாவது எந்த அசைவுத் தொடரைக் கற்பது என்பதில்தான் நம் ஊரில் பெரிய குழப்பம். யூடியூபில் தேடினால் முதலில் வருவது 24 அசைவு வரிசை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, தாய் சியின் பிரிவுகளில் ஒன்றான யாங் பாணியைச் சுருக்கி உருவாக்கியது. அழகான வரிசை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அறுபது தாண்டிய முட்டிக்கு அதை முதல் பாடமாக வைக்க மாட்டேன். அகலமாகக் கால் வைத்து முன்முட்டியை மடக்கி நிற்க வேண்டும், பின்கால் பாதத்தைத் திருப்ப வேண்டும். நடுவில் ஒற்றைக்காலில் நின்று குதிகால் உதை வேறு. பாம்பு ஊர்வதுபோல் தரையோடு தாழ்ந்து எழும் அசைவு வரும்போது பார்த்துக்கொண்டிருப்பவருக்கே முட்டி வலிக்கும்.

நான் எடுப்பது சுன் பாணியிலிருந்து வந்த மூட்டுவலிக்கான வரிசை. சுன் லூதாங் என்பவர் 1933-இல் மறைந்த பெரிய குங்ஃபூ ஆசான். வேறு இரண்டு சீனத் தற்காப்புக் கலைகளில் ஊறிய பிறகு, வயதான காலத்தில் தாய் சி கற்று மூன்றையும் கலந்தவர். அந்தப் பாணியில் உடம்பு நிமிர்ந்தே இருக்கும், முட்டி அதிகம் மடங்காது. ஒரு கால் முன்னே போனால் மற்ற கால் கூடவே போய்ச் சேரும், பின்னே வந்தாலும் அப்படியே. எடை எந்தக் காலிலும் ரொம்ப நேரம் அடைந்து கிடக்காது. சிட்னியைச் சேர்ந்த டாக்டர் பால் லாம், தானே மூட்டுத் தேய்மானத்தோடு வளர்ந்தவர், 1997-இல் இதிலிருந்து ஒரு சின்ன வரிசையை அமைத்தார். அடிப்படை அசைவுகள் ஆறு, அதற்கு மேல் இன்னும் ஆறு. பிறகு எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் திரும்பிச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் பாடம். பன்னிரண்டைச் சரியாகச் செய்ய ஒரு வருஷம் ஆகும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இந்தப் பாணி நம் ஊர்ப் பூங்காவுக்குப் பொருந்துவதற்கு இன்னொரு காரணம் தரை. எங்கும் இன்டர்லாக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் பிடிப்பான ரப்பர் ஷூவோடு எடையை வைத்துக்கொண்டே பாதத்தைத் திருப்பினால் பாதம் நிற்கும், முட்டி மட்டும் திரும்பும். வலி அங்கேதான் ஆரம்பிக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ரன்னிங் ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, தட்டையான அடிப்பாகம் உள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ போட்டு வாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடுகிற வெள்ளை ஷூ போதும். ஹவாய் செருப்போடு வருபவர்களை நான் சேர்ப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

இனி சொல்லிக்கொடுக்கிற பக்கம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தாய் சி தெரிவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு முழுதாக மாற்றுவதுதான் இந்தக் கலையின் உயிர். பெரும்பாலோர் இரண்டு காலிலும் பாதிப் பாதி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், முட்டிக்கும் சமநிலைக்கும் பிரயோஜனமே இல்லை. "வலது கால் நிறைவு, இடது கால் வெறுமை" என்று புத்தக பாஷையில் சொன்னால் தலையாட்டுவார்கள். கால் அப்படியேதான் இருக்கும்.

அம்மாபேட்டையிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தி வாழ்ந்த கால்கள். நான் விளக்கி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்ப எந்தக் காலுங்க மாஸ்டர் சும்மா இருக்கோணும்?" கேட்டுக்கொண்டே இடது குதிகாலை லேசாகத் தூக்கிக் காட்டினார். மேல் உடம்பு ஒரு நூல்கூட ஆடவில்லை, தோள் சாயவில்லை. கூட்டத்திலேயே எடை முழுதாக மாறியிருந்தது அவர் ஒருவருக்குத்தான். ஒரு மிதியை அழுத்தும்போது அடுத்த காலைச் சும்மா விட வேண்டும் என்பதை அந்தக் கால்கள் ஆயுசுக்கும் செய்திருக்கின்றன.

அன்றிலிருந்து வகுப்பில் அதே கேள்விதான். அசைவின் நடுவில் நிறுத்தி "எந்தக் கால் சும்மா இருக்கு? அதைத் தூக்குங்க" என்பேன். குதிகாலைத் தூக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் எடை இன்னும் மாறவில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். நான் போய்த் திருத்த வேண்டியதில்லை. டிகிரிக் கணக்கு, தசை பெயர் எல்லாவற்றையும்விட இந்த ஒரு சோதனை அதிகம் வேலை செய்கிறது.

டாக்டர் லாம் தன் பயிற்றுநர்களுக்குச் சொல்லும் படிமுறை எளிமையானது. அசைவைச் சின்னத் துண்டாக வெட்டு. முதலில் அவர்கள் சும்மா நின்று பார்க்கட்டும், அடுத்து உன்னோடு சேர்ந்து செய்யட்டும், பிறகு நீ நிறுத்திக்கொள், அவர்கள் உனக்குச் செய்து காட்டட்டும். நடைமுறையில் கஷ்டமானது முதல் படிதான். நாம் கை தூக்கிய உடனே நம் ஆட்களும் கை தூக்குவார்கள். "கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். மூன்றாவது படியில் உனக்கு வாய் துறுதுறுக்கும். அப்போது பேசாமல் இருப்பதுதான் பயிற்றுநரின் பயிற்சி. அவர்கள் செய்து காட்டும்போது பத்துக் குறை தெரியும். ஒன்றைச் சொன்னால் திருந்துவார்கள், மூன்றைச் சொன்னால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். எதைச் சொல்வது என்றால், முட்டிக்கு ஆபத்தானதை முதலில். முட்டி பாதம் பார்க்கும் திசையிலேயே மடங்குகிறதா, கால்விரலைத் தாண்டிப் போகிறதா என்று பார்த்தால் போதும். கை கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நிற்கிற இடமும் முக்கியம். முதுகைக் காட்டி நின்றால் அவர்களுக்கு இடது வலது குழம்பாது, ஆனால் எனக்கு அவர்கள் முகம் தெரியாது. முகம் பார்த்து நின்றால் நான் கண்ணாடிபோல் மாற்றிச் செய்ய வேண்டும், "வலது கை" என்று சொல்லிக்கொண்டே என் இடது கையைத் தூக்க வேண்டும். இது பழக வீட்டில் தனியாக நிறைய உழைக்க வேண்டும். எல்லோரும் திரும்பும் அசைவில் நான் பின்னால் போய்விடுவேன், முன்னால் நிற்பவருக்குப் பார்க்க ஆள் இருக்காது. அதனால் நான்கு மூலையிலும் நன்றாகத் தெரிந்த ஒருவரை நிறுத்திவிடுவேன். மூலையில் நிற்பது எங்கள் வகுப்பில் ஒரு பதவி. அதற்கு லேசான போட்டியும் உண்டு.

தொட்டுத் திருத்துவது கிடையாது. பெண்களாகட்டும் ஆண்களாகட்டும், வாயால் சொல்லி முடியாவிட்டால் அனுமதி கேட்டு முழங்கையை மட்டும் விரல் நுனியால் காட்டுவேன். கராத்தே வகுப்பிலிருந்து வந்த சிலருக்கு இது விநோதமாக இருக்கும்.

மூச்சு பற்றிய கேள்விக்கு ஓய்வே இல்லை. பிராணாயாமம் பழகியவர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் "இழுக்கணுமா விடணுமா" என்பார்கள். ஆரம்பத்தில் இயல்பாக மூச்சு விடுங்கள், அவ்வளவுதான் பதில். கை விரியும்போது உள்ளே, குவியும்போது வெளியே என்பதெல்லாம் பின்னால் தானாகவே வந்து சேரும். முதலிலேயே சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பிரஷர் இருப்பவருக்கு அது ஆகாது.

"மாஸ்டர், இன்னிக்குப் புதுசா ஒன்னும் இல்லீங்களா?" சேலத்துக்காரர்களின் நிரந்தரக் குறை இது. பழைய அசைவையே எதிர்ப்பக்கம் செய்யச் சொன்னால் வாய் மூடிவிடும். இருபது வருஷம் பழகியவரும் எதிர்ப்பக்கத்தில் தடுமாறுவார்.

ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு. 2016-இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து நடந்த ஆய்வில், 12 வாரத் தாய் சி, பிசியோதெரபிக்கு இணையாக வலியைக் குறைத்தது. 2018-இல் எழுபது வயதைத் தாண்டிய, விழும் அபாயம் உள்ள 670 பேரிடம் நடந்த ஆய்வில், தாய் சி செய்தவர்கள் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாகக் கீழே விழுந்தார்கள். என்னைக் கேட்டால் முட்டி வலியைவிட இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிது. பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர் இல்லாத தெருவே நம் ஊரில் கிடையாது.

சர்க்கரைக்கு நல்லதா, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ போடுபவர்கள் விடியற்காலை வெறும் வயிற்றோடு வரக்கூடாது. இரண்டு பிஸ்கட்டாவது தின்றுவிட்டு வாருங்கள். என் பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வரிசையில் நிற்கலாம். அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி கை அசைவு.

ஏற்காட்டு வகுப்பு தனிக் கதை. மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் வந்து இறங்கியவரை உடனே ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் ஏரியில்தான் விழுவார். முதலில் டீ, பிறகு கால் மணி நேரம் நடை, அதன்பின் வகுப்பு. குளிரில் மூட்டு இறுகிப் போயிருக்கும், கீழே செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் உடம்பைச் சூடாக்க வேண்டும். பனியில் நனைந்த புல் வழுக்கும், சரிவும் இருக்கும், தட்டையான சிமென்ட் தரை தேடிப் பிடியுங்கள். பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் குரங்கு வரும். தியானமாவது ஒன்றாவது!

சேலத்தில் சித்திரை வெயிலில் ஐந்தரைக்கு ஆரம்பித்தால்தான் உண்டு. ஆறரைக்கே வியர்வை ஊற்றும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் பாதி வகுப்பு காலி. விட்டுப் போனவர்கள் திரும்ப வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. முதல் இரண்டு மாதத்தில் கழன்றுகொள்பவர்கள்தான் அதிகம். பலன் தெரிவதற்கு முன்பே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

பயிற்றுநர் ஆக விரும்புபவர்களுக்கு. "ஒரே வாரத்தில் மாஸ்டர் டிரெய்னர் சான்றிதழ்" என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போங்கள். அப்படி ஒன்றுக்கு நண்பர் பணம் கட்டினார். வந்தது சில வீடியோவும் தங்க நிறத்தில் அச்சடித்த ஒரு காகிதமும்தான். டாக்டர் லாம் அமைப்பில் சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், திரும்ப வந்து புதுப்பிக்க வேண்டும். செலவுதான், ஆனால் அந்த ஏற்பாடு சரி. புதுப்பிக்கப் போகும்போதுதான் நம் தோள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வேறொருவர் சொல்வார். அதற்கு இடையில் மாதம் ஒரு முறை போனில் உங்கள் வகுப்பை வீடியோ எடுங்கள். உங்களை எடுக்க வேண்டாம், மாணவர்களை எடுங்கள். எல்லோருக்கும் ஒரே கோணல் இருந்தால் அது உங்களிடமிருந்து போனது.

முதலுதவி, நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் பயிற்சி இரண்டையும் கட்டாயம் படியுங்கள். காசு வாங்கலாமா என்றால் வாங்குங்கள், கொஞ்சமாக. முழுக்க இலவசமாக எடுத்துப் பார்த்தேன், மழைத் தூறினாலே யாரும் வரவில்லை. மாதக் கட்டணம் கட்டியவர் குடையோடு வருகிறார்.

பொங்கல் முடிந்ததும் புதிதாக வருபவர்களைச் சேர்க்கிறேன். சொல்லிக்கொடுக்க ஆசை உள்ளவர்கள் மூன்று மாதம் வந்து மூலையில் நிற்கலாம், அவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. கேன்வாஸ் ஷூ மட்டும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள்.